ஓய்ந்திருக்கும் கணினியும் ஓயாத கடிகாரமும்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று முதல் கணினி விற்பவரும் பழுது பார்ப்பவரும் நம்மிடம் ஒரே பாட்டைத்தான் பாடி வருகிறார்கள். "முதலாளி, இது பழசு, இனித் தாங்காது, புதுசு ஒன்று போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். புதுசுக்கு 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவெல்லாம் போக நூற்றுக்கு இரண்டு நிற்கிற மளிகைக் கடைக்காரர், அந்தத் தொகையை எடுக்க 17 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். சர்க்கரை மூட்டையிலும் பாமாயிலிலும் அந்த இரண்டுகூட நிற்பதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த சங்கதி. ஆகவே பழையதைத் தூக்கிப் போடுமுன் அது ஏன் தாங்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை.

கேட்டால் மூன்று குறை சொல்கிறார்கள். சூடாகிறது, விசிறி ஓயாமல் இரைகிறது, கரண்ட் போனால் பேட்டரி நிற்பதில்லை. இந்த மூன்றுக்கும் வயது ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை செய்யும்போது சூடானால் அது வயது. வேலையே செய்யாமல் சும்மா திறந்து கிடக்கும்போதும் சூடானால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நமது கடைகளில் கணினி பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கிறது. காலையில் பத்து மணி வரை ஒரு கூட்டம், மாலையில் விளக்கு வைத்த பின் ஒரு கூட்டம், இடையில் ஈ ஓட்டுகிற நேரம். கூட்டத்திலும்கூட ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவே அதற்கு வேலை கிடையாது. எழுத்தைத் தட்டுகிற இரண்டு விரலுக்கு இடைப்பட்ட நேரமே கணினிக்கு ஒரு யுகம். அந்த ஓய்வு நேரத்தில் அது உண்மையிலேயே ஓய்கிறதா, அல்லது கொட்டக் கொட்ட விழித்திருந்து மின்சாரத்தைத் தின்கிறதா என்பதுதான் நாம் பேச வந்த விஷயம்.

நமது திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் கடைக்கு வந்து சேர்ந்த பழைய கணினிகளில் பல, அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் வழங்கினார்கள். வீட்டுப் பிள்ளை படித்து முடித்து திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன பிறகு, கணினி அப்பாவின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. (வெளியாரிடம் விலைக்கு வாங்கியது என்றால் அது வேறு பேச்சு, அவை விற்பனைக்கு உரியவை அல்ல.) அந்தக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் சேர்ந்தே வந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். நமது சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. பிள்ளைகள் பாட்டும் படமும் பார்க்க விண்டோஸ் பக்கமே போனார்கள். பாஸ் லினக்ஸ் தொடுவாரற்றுக் கிடந்தது. இன்றைக்கு அந்த விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு போய்விட்டது. லினக்ஸோ புதிய பதிப்பாகப் போட்டுக்கொள்ளக் காசு கேட்பதில்லை.

லினக்ஸின் உள்ளே இருக்கிற ஆதாரப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உள்மணி, பருப்பு என்று பொருள். உமியும் தவிடும் போக உள்ளே நிற்கிற அரிசி என்று நெல் வியாபாரிகள் எடுத்துக்கொள்ளலாம். எந்தச் செயலிக்கு எப்போது முறை, எந்த வேலை எந்த நேரத்தில் என்று படியளப்பது இந்தக் கெர்னல்தான். படியளக்க அதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். பழைய முறையில் அந்தக் கடிகாரம் ஒரு நொடிக்கு இத்தனை தடவை என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் பிராசசர் எழுந்து "வேலை உண்டா?" என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆரம்ப காலத்தில் நமது வகைக் கணினிகளுக்கு லினக்ஸில் நொடிக்கு 100 மணி. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் 1000 ஆக்கினார்கள். அது மிகையென்று 2005-இல் வழக்கமான அளவை 250-க்கு இறக்கினார்கள்.

மண்டிக்கு ஓர் இராக்காவலரை வைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நான்கு கதவையும் தட்டிப் பார் என்று சொன்னால் அவர் எப்போது கண் அயர்வார்? விடியற்காலை நான்கு மணிக்கு லாரி வரும், அப்போது எழுப்புகிறேன், நடுவில் யாராவது கதவைத் தட்டினால் மட்டும் எழு என்று சொன்னால் அவரும் தூங்குவார், நமக்கும் வேலை நடக்கும். இந்த இரண்டாவது வழிதான் 2007 ஏப்ரலில் 2.6.21 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் கிளைக்ஸ்னரும் ஹங்கேரியரான இங்கோ மோல்னாரும் இதில் பெரும்பங்கு ஆற்றியவர்கள். அடுத்த வேலை எப்போது என்று கெர்னல் கணக்குப் பார்க்கும். அதுவரை மணியை நிறுத்திவிடும். 64 பிட் கணினிகளுக்கு இதே வசதி 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் கிடைத்தது.

தூக்கத்திலும் படிகள் உண்டு. சி-1 என்பது கண் மூடுவது. சி-3, சி-6 என்று போகப் போக ஆழ்ந்த உறக்கம். உள்ளே ஒவ்வொரு பகுதியாக அணைந்துகொண்டே போகும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவும் நேரம் பிடிக்கும், திரும்பி வரவும் நேரம் பிடிக்கும். குடமுருட்டி பிரிகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதகின் ஷட்டரை இறக்கி முடிக்குமுன் மறுபடி ஏற்று, ஏற்றி முடிக்குமுன் மறுபடி இறக்கு என்றால் தண்ணீர் மிச்சமாகாது, ஆள்தான் களைப்பார். நொடிக்கு ஆயிரம் மணி அடித்தால் கணினியும் அந்தக் கதிதான். உறக்கத்தின் முதல் படியிலேயே நின்றுவிடும்.

சரி, 2007-லேயே தீர்ந்துபோன பிரச்சினைதானே, இப்போது ஏன் பேச வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். கெர்னலில் தீர்ந்தது உண்மை. நமது கடைக் கணினியில் தீர்ந்ததா என்பதே கேள்வி.

பழைய கணினி எப்போதாவது ஒருநாள் உறைந்து நின்றிருக்கும். பழுது பார்த்த பையன் எங்கோ படித்த ஒரு வரியைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்துச் சரிசெய்திருப்பார். ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாதே என்று பூட்டுப் போடும் வரி அது. அல்லது, மணியை நிறுத்தாதே என்று சொல்லும் வரி. 2013, 2014 வாக்கில் வந்த பே ட்ரெயில் வகைப் பிராசசர்களில் லினக்ஸ் உறைந்துபோகும் சிக்கல் உண்மையாகவே இருந்தது. உறக்கத்தை சி-1 என்ற படியோடு நிறுத்துவதுதான் அப்போது எல்லோரும் கையாண்ட பரிகாரம். பரிகாரம் நல்லதுதான். ஆனால் அந்தச் சிக்கலே இல்லாத கணினிக்கும் அதே வரியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் பத்தியம் தொடர்கிறது. அது அங்கே இருப்பது முதலாளிக்கும் தெரியாது, அடுத்து வரும் மெக்கானிக்குக்கும் தெரியாது. நம்முடைய அபிப்பிராயத்தில், பழைய கணினியில் முதன்முதலாகப் பார்க்க வேண்டியது இந்தத் தொடக்க வரியைத்தான். பிராசசரை உறங்கவே விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கச் சொல்லும் வரியும் ஒன்று உண்டு. அது இருந்தால் விசிறி இரைவதில் வியப்பில்லை.

இன்னொன்று சற்று நுட்பமானது. ஆழ்ந்த உறக்கத்தில் பழைய பிராசசர்களின் சொந்தக் கடிகாரமே நின்றுவிடும். ஆகையால் எழுப்புவதற்கு வெளியே ஒரு கடிகாரம் வேண்டும். ஹெச்.பி.இ.டி. என்று ஒரு கடிகாரம் பலகையில் இருக்கிறது. சில கணினிகளில் அது இருந்தும், தயாரித்தவர்கள் பயாஸில் அதை மறைத்து வைத்திருப்பார்கள். அப்போது கெர்னல் இன்னும் பழைய பி.ஐ.டி. கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரே மூச்சில் சுமார் 55 மில்லி நொடிக்கு மேல் எண்ண முடியாது. ஆகவே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்குப் பதினெட்டு தடவையாவது எழுந்தாக வேண்டும். அந்த நாளில் டாஸ் கணினியில் கணக்கு எழுதிய மூத்த கணக்குப்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: டாஸின் கடிகாரம் நொடிக்கு 18.2 தடவை அடித்ததும் இதே பழைய கடிகாரத்தின் கைங்கர்யம்தான். மறைந்திருக்கும் ஹெச்.பி.இ.டி.யை வற்புறுத்தி எழுப்ப கெர்னலில் ஒரு கட்டளை இருக்கிறது. 2005-ஐ ஒட்டிய கணினிகளில் அது பலன் தரும். அரசு மடிக்கணினிகள் அதற்குப் பிந்தியவை, பெரும்பாலும் தேவைப்படாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் தூக்கம் கலைவதுண்டு. காரணம் நாம் திறந்து வைக்கிற செயலிகள். தங்கம் விலை, பருப்பு விலை காட்டுகிற பக்கம் ஒன்று, வாட்ஸப் ஒன்று, ஜி.எஸ்.டி. பக்கம் ஒன்று, பிள்ளைகள் திறந்து மறந்த பாட்டுப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். எந்தச் செயலி எத்தனை தடவை எழுப்புகிறது என்று பெயரோடு பட்டியல் போட்டுக் காட்ட, 2007-இல் இன்டெல் நிறுவனம் பவர்டாப் என்று ஒரு கருவியை வெளியிட்டது. இலவசம்தான். பேட்டரியில் ஓடும்போது இத்தனை வாட் போகிறது என்றும் அதில் தெரியும். கணினியைத் தொட்டுப் பார்த்து "சூடு குறைந்திருக்கிறது" என்று சொல்லும் மெக்கானிக்கைவிட, பவர்டாப்பைத் திறந்து முன்னே இத்தனை, பின்னே இத்தனை என்று காட்டுகிறவருக்கே நாம் கூலி கொடுக்க வேண்டும். எடை போடாமல் சரக்கு வாங்குவோமா?

விண்டோஸிலேயே இருக்கிறவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். அங்கே வழக்கமான மணி 15.6 மில்லி நொடிக்கு ஒன்று, அதாவது நொடிக்கு 64. ஆனால் ஏதாவது ஒரு செயலி "எனக்கு ஒரு மில்லி நொடிக்கு ஒன்று வேண்டும்" என்று கேட்டால், பழைய விண்டோஸ் கணினி முழுமைக்கும் அதைக் கொடுத்துவிடும். ஒருவருக்காக ஊரே விழித்திருக்கும். 2020-இல் வந்த விண்டோஸ் 10 திருத்தத்தில்தான் இதைக் கட்டுப்படுத்தினார்கள். விண்டோஸ் 7 முதல் பவர்-சி.எஃப்.ஜி. என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. அதில் எனர்ஜி அறிக்கை கேட்டால் 60 நொடி கவனித்துவிட்டு, எந்தச் செயலி மணியை முடுக்கியது என்று எழுதிக் கொடுத்துவிடும். விண்டோஸ் 7 கணினியில் வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி.யையும் திறப்பது கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம். இணையத் தொடர்பு இல்லாமல் பில் மட்டும் போட அது இருக்கட்டும்.

இனி வரவு செலவுக்கு வருவோம். இங்கே வியாபாரிக்கு வியாபாரி உண்மை பேச வேண்டும். கெர்னல் கடிகாரத்தைச் சரிசெய்ததால் ஒரு வாட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கடை 12 மணி நேரம், ஆண்டுக்கு 360 நாள். 4.32 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 43 ரூபாய். வீட்டு இணைப்புக்குள்ள 100 யூனிட் இலவசம் கடைக்குக் கிடையாது என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும் இது ஒரு வாரத் தேநீர்ச் செலவைக்கூடத் தாங்காது. மின் கட்டணம் பாதியாகும் என்று எவராவது சொல்லிக் காசு கேட்டால் நம்ப வேண்டாம்.

பிறகு எதற்கு இந்தப் பாடு? பேட்டரிக்காக. பழைய கணினியின் பேட்டரி புதிதில் 48 வாட் மணி இருந்திருந்தால், இப்போது 20 நின்றாலே பெரிது. அந்த மாதிரிக்கு நல்ல பேட்டரி இப்போது கிடைப்பதும் அரிது. கிடைப்பவை பலவும் ஆறு மாதச் சரக்கு. சும்மா இருக்கும்போது 14 வாட் இழுத்தால் அந்த 20 வாட் மணி ஒன்றரை மணி நேரம்கூட வராது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, ப்ளூடூத்தையும் கேமராவையும் அணைத்து, உறக்கத்துக்குப் போட்ட பூட்டையும் எடுத்து 10 வாட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரம். அந்த நான்கு வாட்டில் பெரும்பங்கு திரைக்குத்தான் உரியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பெரிய மண்டிக்காரர்களுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, அவர்களுக்கு இந்த அரைமணி பொருட்டில்லை. இன்வெர்ட்டர் இல்லாத சின்னக் கடைக்காரருக்கு அது பொருட்டு. 2012-இல் பட்ட மின்வெட்டு இப்போது இல்லைதான். ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வியாபாரிகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் இருட்டில் கடை நடத்தினார்கள். லாரி வாசலில் நிற்க, இ-வே பில் போட வேண்டிய கணினி அணைந்து கிடந்தால் வாடகையை ஏற்றிக் கேட்பவர் லாரிக்காரர், மின்வாரியம் அல்ல.

அடுத்தது தூசி. இதை நகரத்துக் கணினிக்காரர்கள் நினைப்பதே இல்லை. நம் கடைகளில் மாவு பறக்கிறது, மிளகாய்த்தூள் பறக்கிறது, தவிடும் உமியும் பறக்கின்றன. சூடு ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றுகிறது. வேகமாகச் சுற்றினால் அத்தனையையும் உள்ளே இழுக்கிறது. உள்ளே அடைத்ததால் சூடு இன்னும் ஏறுகிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இது நடந்தால் இரண்டு கோடையில் கணினி போய்விடும். சும்மா இருக்கிற நேரத்தில் அது உண்மையில் சும்மா இருந்தால் விசிறி மெல்லச் சுற்றும் அல்லது நிற்கும். நாம் மிச்சம் பிடிப்பது 43 ரூபாய் அல்ல, 35,000 ரூபாய்க்குரிய தவணையை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவது.

சில எச்சரிக்கைகள். நொடிக்கு 250 மணி என்பதை 100 ஆக்கிக் கெர்னலையே புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஆர்வமுள்ள பிள்ளைகள் வருவார்கள். ஓய்வில் மணியே நின்றுவிடுகிறபோது அந்த எண்ணிக்கையால் நமக்குப் பெரிய ஆதாயம் இல்லை. 2024 அக்டோபரில் வந்த உபுண்டு பதிப்பில் 1000 மணி வைத்தார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம். வேலை ஓடும்போதும் மணியை நிறுத்துகிற இன்னொரு வசதி கெர்னலில் இருக்கிறது. அது பெரிய சர்வர்களுக்காகச் செய்தது, நமது கணினிக்கு வேண்டியதில்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதுவதைப் பதினைந்தாக்கச் சொல்லும் பவர்டாப். பேட்டரி ஓரளவு நிற்கிற கணினியில் செய்யலாம். பேட்டரி அறவே செத்து, வயரை உருவினால் அணைந்துவிடுகிற கணினியில் அதைத் தொடவே கூடாது. கடைசியாகப் போட்ட பில் போய்விடும். உறக்கப் பூட்டை எடுத்தபின் ஒரு வாரமாவது பார்க்க வேண்டும். மறுபடி உறைந்தால் அந்தக் கணினிக்கு அந்தப் பூட்டு தேவைதான் என்று பொருள். திரும்பப் போட்டுவிட வேண்டும். எதற்கும் முன்னால் பேரேட்டையும் பாக்கிக் கணக்கையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளாமல் யார் கையிலும் கணினியைக் கொடுக்காதீர்கள்.

பில் போடும் மென்பொருள் விற்பவர்களிடமும் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் செயலி சும்மா இருக்கும்போது நொடிக்கு எத்தனை தடவை கணினியை எழுப்புகிறது? பார்கோடு கருவியில் ஏதாவது வந்ததா என்று நொடிக்கு நூறு தடவை எட்டிப் பார்க்கும்படி எழுதிவிட்டு, கணினி மெதுவாக ஓடுகிறது, மாற்றுங்கள் என்று நம்மிடமே சொல்வது நியாயமா? ஆண்டுப் பராமரிப்புக்கென்று பணம் வாங்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு வரி வந்தபோது, ஒரே இரவில் செயலியை மாற்றித் தர முடிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.

சங்கத்துக்கு ஒரு யோசனை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பாலிடெக்னிக் படித்துவிட்டு ஊரிலேயே இருக்கிற பிள்ளைகள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். கடை அடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்களை வரவழைத்து, உறுப்பினர்கள் பழைய கணினியையும் சார்ஜரையும் கொண்டுவந்தால், தொடக்க வரி பார்ப்பது, பவர்டாப் ஓட்டுவது, விசிறித் தூசி தட்டுவது மூன்றையும் ஒரே உட்காரலில் முடிக்கலாம். கணினி ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கூலியை அவரவர் கொடுத்துவிடலாம். இடமும் நாலு பிளக்கும் சங்கம் கொடுத்தால் போதும். பயறு உளுந்து வரத்து தொடங்குமுன், மாசி மாதத்துக்குள் இதை வைத்துக்கொண்டால் கோடை வெயிலுக்கு முன்னால் விசிறிகள் சுத்தமாகிவிடும்.